காணாமற்போன விமானமும் வகுப்பறையில் எழுந்த ஒரு வினாவும்



வரலாற்றுப் பாடத்தில் மாணவர் கேட்கும் வினாக்களுள் மிகவும் கடினமானது எது எனச் சக ஆசிரியர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. ஆண்டுகளையும் பெயர்களையும் கேட்கும் வினாக்கள் கடினமானவை அல்ல. 'தெரியாது' என்பதை விடையாகக் கொண்ட வினாக்களே கடினமானவை. அத்தகைய வினா ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அதற்கு முன்னர், நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், சனிக்கிழமை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யு.பி.எஸ்.ஆர். கூடுதல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். எம்.எச்.370 விமானம் 239 பேருடன் காணாமற்போன செய்தி அன்று காலையில்தான் நாடெங்கும் பரவியிருந்தது. செந்தூலில் எந்த உணவுக்கடைக்குச் சென்றாலும் அதே பேச்சு. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. அவ்வேளையில் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. விமானம் சீனாவின் நான்னிங் நகரில் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது என்றிருந்தது. யார் சொன்னது, எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. அதை அப்படியே வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கைதட்டினர்.

அந்தச் செய்தி பொய் என்பது நண்பகலுக்குள் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பினுள் நுழைந்தபோது ஒரு மாணவி, "டீச்சர், நீங்கதானே இறங்கிடுச்சின்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஏமாற்றம் மட்டுமே இருந்தது. ஆசிரியர் வாயிலிருந்து வரும் சொல் பிள்ளைகளுக்கு எத்துணை பெரிய சான்று என்பதை அன்று உணர்ந்தேன்.

இனி, இக்கட்டுரையின் பொருளுக்கு வருவோம்.

தாம்பரத்திலிருந்து புறப்பட்ட விமானம்

சென்னைக்குச் சென்று வந்தவர்கள் தாம்பரத்தை அறிவர். அங்கே இந்திய விமானப்படைத் தளம் ஒன்று உள்ளது. 2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், வெள்ளிக்கிழமை காலை 8.30 மணிக்கு ஏ.என்.-32 வகைப் போக்குவரத்து விமானம் ஒன்று அத்தளத்திலிருந்து புறப்பட்டது. அது அந்தமானின் போர்ட் பிளேர் நகரை நோக்கிச் சென்ற வழக்கமான பயணம். காலை 11.45 மணியளவில் அங்குத் தரையிறங்கியிருக்க வேண்டும்.

கே-2743 எனும் எண்ணைக் கொண்ட அவ்விமானம் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூர் தளத்தின் 33ஆவது படைப்பிரிவைச் சேர்ந்தது. அதில் 29 பேர் இருந்தனர். விமானத்தை இயக்கிய குழுவினர் 6 பேர். விமானப்படையினர் 11 பேர். தரைப்படையினர் 2 பேர். கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர். எஞ்சிய 8 பேர் விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படைத் தளவாடக் கிடங்கில் பணியாற்றிய பொதுமக்கள். இராணுவ விமானம் என்றவுடன் அனைவரும் வீரர்கள் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், பழுது பார்க்கும் வேலைக்காகப் பயணம் செய்த தொழிலாளர்களும் அவர்களுள் இருந்தனர்.

புறப்பட்ட சுமார் 16 நிமிடங்களில் விமானி தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசினார். அதுவே கடைசிப் பேச்சு. காலை 9.12 மணியளவில், 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடப்புறம் திரும்பி, விரைவாக உயரம் இழந்து, ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அப்போது அது சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில் இருந்தது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை.

ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

தேடுதல் உடனே தொடங்கியது. கடற்படைக் கப்பல்கள், கடலோரக் காவல்படைக் கப்பல்கள், நீர்மூழ்கிக் கப்பல், பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் எனப் பெரும் படையே வங்காள விரிகுடாவில் இறங்கியது. 'சாகர் நிதி', 'சமுத்திர ரத்னாகர்' ஆகிய ஆய்வுக் கப்பல்களும் கடலடியை ஆராய்ந்தன. எனினும், உறுதியான தடயம் கிடைக்கவில்லை.

"இத்தனை கருவிகள் இருந்தும் ஏன் முடியவில்லை?" எனப் பிள்ளைகள் கேட்பார்கள். இதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒலிக்குறிப்புக் கருவி. விமானத்தில் அவசரக்காலக் குறிப்பலை அனுப்பும் கருவி இருந்தது. ஆயினும், அது வானொலி அலைகளைக் கொண்டு இயங்குவது. அவ்வலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்ல மாட்டா. கடலடியிலிருந்து ஒலியெழுப்பி இருப்பிடத்தைக் காட்டும் கருவி வேறொன்று உண்டு. பயணிகள் விமானங்களின் கறுப்புப் பெட்டிகளில் அது பொருத்தப்பட்டிருக்கும். அக்கருவி இந்த விமானத்தில் இல்லை.

இரண்டாவது, ஆழம். விமானம் விழுந்த பகுதியில் கடலின் ஆழம் ஏறத்தாழ 3,400 மீட்டர். நம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதைப் போன்ற ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் அரைக் கோபுரத்தையும் வைத்தால்தான் அந்த ஆழம் நிறையும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஆகவே, அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் 340 மடங்குக்கும் மேலாகும். அங்கு வெளிச்சமும் இல்லை. சூரிய ஒளி கடலில் 1,000 மீட்டருக்குக் கீழே செல்வதில்லை.

மூன்றாவது, காலம். ஜூலை பருவமழைக் காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும். மிதக்கும் பொருள்கள் நீரோட்டத்தில் வெகுதொலைவு அடித்துச் செல்லப்படும்.

நிலத்தில் விழுந்த விமானத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு புலப்படும். 2019ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இதே வகை விமானம் ஒன்று 13 பேருடன் அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுக்காவிற்குச் செல்லும் வழியில் மறைந்தது. அடர்ந்த மலைக்காடாக இருந்தும் எட்டு நாளில், ஜூன் 11ஆம் நாள் அதன் சிதைவுகளைக் கண்டுவிட்டனர். கடலோ அத்துணை எளிதில் எதையும் திருப்பித் தருவதில்லை.

குடும்பங்களின் காத்திருப்பு

2016 செப்டம்பரில், விமானத்திலிருந்த 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக விமானப்படை அவர்களின் குடும்பத்தினருக்குத் தெரிவித்தது. 'இறந்துவிட்டனர்' என்பதற்கும் 'இறந்துவிட்டதாகக் கருதப்படுகின்றனர்' என்பதற்கும் உள்ள இடைவெளியை எண்ணிப் பாருங்கள். வகுப்பில் செயப்பாட்டு வினை கற்பிக்கும்போது அதை வெறும் இலக்கணமாகவே சொல்லிச் செல்கிறோம். ஒரு தாய்க்கு அந்த ஒரு சொல்தான் இரவெல்லாம் வாசற்கதவைப் பார்க்கச் செய்கிறது.

ஒருவர் ஏழாண்டுகள் யாதொரு தகவலும் இன்றி இருந்தால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று, 2024 வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு கூறியது. நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் அதே எண் கொண்ட பிரிவு அதையே கூறுகிறது. இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஓய்வூதியம், சொத்து, வங்கிக் கணக்கு என எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும் என்பதால்தான் சட்டம் இப்படியொரு கணக்கை வைத்திருக்கிறது. இராணுவப் பணியில் இருந்தோருக்கு அதற்கு முன்னரே முடிவு அறிவிக்கப்படுவது குடும்பத்திற்கு உதவியாகவே அமைகிறது. ஆனால், உடலைக் காணாமல் கருமாதி செய்யச் சொன்னால் எந்த மனம்தான் ஒப்பும்?

இந்த இடைவெளியில்தான் வதந்திகள் குடியேறுகின்றன. காணாமற்போனவரின் கைப்பேசிக்கு அழைத்தபோது மணியொலித்தது என்று உறவினர் கூறியதாக 2016இல் செய்தி வந்தது. எம்.எச்.370 மறைந்த பொழுதும் இதே செய்தி வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அழைப்பவர் காதில் கேட்கும் மணியொலி, மறுமுனையிலுள்ள கைப்பேசி உண்மையிலேயே ஒலிக்கிறது என்பதற்குச் சான்றாகாது. வலையமைப்பு அக்கைப்பேசியைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையிலும் அவ்வொலி கேட்கக்கூடும் என்று வல்லுநர்கள் அப்போதே விளக்கினர். இருந்தும், அந்த மணியொலியை நம்பிய குடும்பத்தினரை நாம் எள்ளி நகையாடக் கூடாது. அவர்களை நம்பத் தூண்டியது அன்பு. அதைச் செய்தியாக்கி விற்றோரையும், என்னைப்போல் ஆராயாமல் பிறருக்குப் படித்துக் காட்டியோரையும்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஏழரை ஆண்டுகளுக்குப் பின்

2024ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு ஓர் அறிக்கை வெளியிட்டது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், ஆளில்லாமல் தானே இயங்கும் நீர்மூழ்கிக் கலம் ஒன்றை, விமானம் கடைசியாகக் காணப்பட்ட பகுதியில் இறக்கியது. அக்கலம் ஒலியலைகளைக் கொண்டு கடலடியை வரைபடமாக்கியதோடு நுண்ணிய ஒளிப்படங்களையும் எடுத்தது. 3,400 மீட்டர் ஆழத்தில் விமானம் ஒன்றின் சிதைவுகள் தென்பட்டன. ஒளிப்படங்கள் ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போயின.

பள்ளிக்கரணையும் தாம்பரமும் பக்கத்து ஊர்கள் போன்றவை. புறப்பட்ட இடத்திற்கு அருகிலிருந்தே விடையும் சென்றது.

இந்த அறிக்கையில் வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு உள்ளன.

ஒன்று, அதன் காரண அறிவு. கண்டெடுத்தது அதே விமானம்தான் என்று எப்படி முடிவு செய்தனர்? ஒளிப்படங்கள் பொருந்தின, இடமும் பொருந்தியது, அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. 1986ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாளும் ஓர் இந்திய ஏ.என்.-32 கடலில் மறைந்ததுண்டு. சோவியத் நாட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்ட அவ்விமானம், மஸ்கட்டிலிருந்து ஜாம்நகருக்கு வரும் வழியில் 7 பேருடன் காணாமற்போனது. ஆனால், அது மேற்கே அரபிக் கடல். இது கிழக்கே வங்காள விரிகுடா. ஆக, இது 2016இல் மறைந்த விமானமாகவே இருக்க முடியும். சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்தி, பிற வாய்ப்புகளை நீக்கி முடிவுக்கு வருதல் என்பது இதுதான்.

மற்றொன்று, ஒரு சிறு கணக்கு. சிதைவுகள் சென்னைக் கடற்கரையிலிருந்து 'சுமார் 140 கடல் மைல்' தொலைவில் உள்ளன என்ற அறிக்கை, அடைப்புக்குறிக்குள் 'சுமார் 310 கிலோமீட்டர்' என்றது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 140ஐ அதனால் பெருக்கினால் 259 கிலோமீட்டர்தான் வரும். நான் இக்கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். "டீச்சர், கவர்மெண்டுகூட தப்பா எழுதுமா?" என்று வியந்தனர். எழுதும், ஆகவேதான் எந்த ஆவணத்தையும் சரிபார்க்க வேண்டும் என்றேன். அதற்காக அறிக்கை முழுவதும் பொய் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அந்த வினா

அப்பொழுதுதான் பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "அதான் கண்டுபிடிச்சிட்டாங்களே டீச்சர், அப்புறம் ஏன் இன்னும் மர்மம்னு சொல்றீங்க?" என்றான்.

நல்ல வினா. பெரியவர்களே இதில் தடுமாறுகிறோம். காணாமற்போன விமானம் நம்முன் மூன்று வினாக்களை வைக்கிறது. எங்கே? என்ன நடந்தது? ஏன் நடந்தது? 2024இன் அறிக்கை முதல் வினாவிற்கு விடை தந்தது. இரண்டாவது வினாவிற்கு ரேடார் பதிவு ஓரளவு விடை தருகிறது: திரும்பியது, உயரம் இழந்தது, கடலில் விழுந்தது. மூன்றாவது வினாவைப் பற்றி அந்த அறிக்கை எதுவும் கூறவில்லை. கிடைத்தது இடம், காரணம் அன்று.

இவ்வேறுபாட்டை விளக்க வேறொரு நிகழ்வையும் சொன்னேன். 2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின், 2011 ஏப்ரலில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டனர். அப்போதும் காரணம் தெரியவில்லை. மறுமாதம் கறுப்புப் பெட்டிகளை மேலே கொண்டுவந்து படித்த பிறகே தெரிந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்ததால் வேகக்கணக்கு தவறியது. தானியங்கி இயக்கம் நின்றது. அதன்பின் விமானிகள் விமானத்தைச் சரியாகக் கையாளவில்லை. இறுதி அறிக்கை 2012இல் வந்தது. சிதைவு 'எங்கே' என்பதைச் சொல்லும். பதிவுதான் 'ஏன்' என்பதைச் சொல்லும்.

நம் ஊரின் அருகே

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று பிள்ளைகள் எண்ண வேண்டாம். செந்தூலிலிருந்து சிறிது தூரம் சென்றால் செராஸ் சாலையில் காமன்வெல்த் போர் வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் விமானப்படையினர் எண்மரின் கல்லறை உள்ளது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆயினும், மலாயாக் காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்குப் பொருள்கள் போட வேண்டியிருந்தது. ஆகஸ்டு 23ஆம் நாள் கொக்கோஸ் தீவிலிருந்து புறப்பட்ட 356ஆவது படைப்பிரிவின் லிபரேட்டர் விமானம் ஒன்று திரும்பவில்லை. நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் அது விழுந்து கிடந்தது பல பத்தாண்டுகள் கழித்தே வெளியுலகிற்குத் தெரிந்தது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், எண்மரும் இராணுவ மரியாதையுடன் செராஸில் அடக்கம் செய்யப்பட்டனர். போர் முடிந்த செய்தி கேட்டு மகனை எதிர்பார்த்திருந்த பெற்றோர் யாரும் அந்த அடக்கத்தைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இடையே 67 ஆண்டுகள் ஓடிவிட்டன.

எனினும், அடக்கம் நடந்தது. உறவினர்கள் கடல் கடந்து வந்து நின்றனர். 'ஏன்' என்பதற்கு விடை கிடைக்காவிடினும் 'எங்கே' என்பது மட்டுமே ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு பெரிது என்பதை அக்கல்லறை உணர்த்துகிறது. பெயர் பொறித்த கல் ஒன்று. மலர் வைக்க ஓர் இடம். வங்கக் கடலின் 29 குடும்பங்களுக்கும் 2024இல் கிடைத்தது அதுதான். கடலில் ஓர் இடம். அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

இப்பாடத்தை வகுப்பில் நடத்த விரும்பும் ஆசிரியர்கள் வெண்பலகையில் மூன்று கட்டங்கள் வரையலாம். 'தெரிந்தது', 'ஊகிப்பது', 'தெரியாதது'. மாணவர்கள் ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய கட்டத்தில் எழுதட்டும். "யார் சொன்னது? அவர்க்கு எப்படித் தெரியும்?" என்னும் இரு வினாக்களைக் கேட்ட பின்னரே எழுத வேண்டும். என் வகுப்பில் முதல் நாள் 'தெரிந்தது' கட்டம் நிரம்பி வழிந்தது. அவ்விரு வினாக்களைக் கேட்டபின் பாதிச் செய்திகள் அடுத்த கட்டத்திற்கு நகர்ந்தன. மாணவர்கள் தாமாகவே நகர்த்தினர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும் வினாவிற்கு விடை தெரியாதபோது, கைப்பேசியில் வந்த ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "அப்பாவுக்குத் தெரியல, வா தேடிப் பார்ப்போம்" என்று சொல்வதில் இழுக்கு எதுவுமில்லை. அப்படிச் சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளை பொய்ச் செய்திக்கு எளிதில் கைதட்டாது.

2014இல் என்னிடம் அவ்வினாவைக் கேட்ட மாணவி இன்று வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். அன்று அவளுக்கு நான் சரியான விடை சொல்லவில்லை. "அப்படித்தாம்மா செய்தி வந்தது" என்று மழுப்பிவிட்டேன். இக்கட்டுரையை அவள் படிக்க நேர்ந்தால், ஆசிரியரின் விடை இதுதான்: அன்று எனக்குத் தெரியாதம்மா. தெரியாது என்றே சொல்லியிருக்க வேண்டும்.